பதினாறு அடிப் பொதுவழிக்குப் பெயர் வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டுக் கிரயப்பத்திரத்தில் நாலெல்லை சொல்லும் இடத்தில், 'கிழக்கே 16 அடி அகலப் பொதுவழி' என்று ஒரு வரி இருக்கிறது. வடசென்னையில் கொடுங்கையூருக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே உள்ள அந்த வழியில் 14 வீடுகள் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக அந்த வழிக்கு எழுத்தில் இருந்த ஒரே அடையாளம் அந்த வரிதான். பெயர் என்று ஒன்று கிடையாது. பெரிய தெருவின் மூலை வீட்டுக்குக் கதவு எண் 34 என்பதால், உள்ளே எழுந்த வீடுகளுக்கெல்லாம் 34/1, 34/2 என்று வரிசையாக எண் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீடு 34/9. முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, "மூலை வீடு இல்லை, அதை ஒட்டி உள்ளே வரும் சந்து" என்று வாயாலும் சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்தால் கூரியர் திரும்பிப் போய்விடும்.

கூரியர் திரும்பிப் போவதைப் பொறுத்துக்கொண்ட எங்களால், 2019 மழைக்காலத்தில் ஓர் இரவு நடந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 34/12 வீட்டுப் பெரியவருக்கு மார்பு வலி வந்து ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். வண்டி விரைவாகவே வந்துவிட்டது. வந்து, பெரிய தெருவில் 34 என்று எழுதியிருந்த வீட்டின் முன்னால் நின்றது. ஓட்டுநர் தமக்குக் கொடுத்த முகவரிக்குச் சரியாகத்தான் வந்திருந்தார். அந்த வீட்டில் விளக்குப் போட்டு, கதவைத் திறந்து, 'இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லையே' என்று சொல்லி, பிறகு எங்களில் ஒருவர் நனைந்தபடி ஓடிப் போய் அழைத்து வருவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உட்கார்ந்து, சந்துக்குப் பெயர் கேட்டு மனுக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

மனுவைப் படித்துப் பார்த்த உதவிப் பொறியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பேரு இருக்கட்டும் சார், இந்த ரோடு யாரோடது?" எங்களிடம் பதில் இல்லை. மாநகராட்சி பெயர் வைப்பது தன் பொறுப்பில் உள்ள பொதுத் தெருவுக்கு. எங்கள் வழியோ, பழைய தோட்டம் ஒன்றை அதன் சொந்தக்காரர் மனைகளாகப் பிரித்து விற்றபோது, விற்காமல் நடக்க விட்டுவைத்த நிலம். சட்டத்தின் கண்ணில் அது தனியார் தெரு. நாங்கள் அதில் நடக்கலாம், வண்டி ஓட்டலாம், குழாய் பதிக்கலாம். அந்த உரிமைகள் பத்திரத்திலேயே இருக்கின்றன. ஆனால் மண் எங்களுடையதும் இல்லை, மாநகராட்சியுடையதும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொத்து வரி கட்டிக்கொண்டிருந்தும் எங்கள் சந்துக்குத் தெருவிளக்கு ஏன் வரவில்லை, கான்கிரீட் ஏன் பெரிய தெருவோடு நின்றுபோனது என்பதெல்லாம் அன்றுதான் விளங்கியது. பக்கத்திலேயே இருக்கும் மகாகவி பாரதியார் நகர் திட்டமிட்டுக் கட்டப்பட்ட குடியிருப்பு. அங்கே குறுக்குத் தெருக்கள் எண்ணோடுதான் பிறந்தன. எங்கள் சந்து விற்பனையில் மிஞ்சிய நிலம்.

ஆகவே பெயருக்கு முன்னால் மண்ணின் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. 14 வீட்டுப் பத்திரங்களின் நகல்களையும் ஒரே மேசையில் பரப்பினோம். ஒன்பது பத்திரங்களில் '16 அடிப் பொதுவழி' என்றும், நான்கில் அளவே இல்லாமல் 'விடப்பட்ட வழி' என்றும், ஒன்றில் '15 அடிப் பாதை' என்றும் இருந்தது. எங்கள் பத்திரங்களுக்கெல்லாம் மூலமான தாய்ப்பத்திரத்தைத் தேடி எடுத்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், வழியாக விடப்பட்ட நிலம் எவருக்கும் விற்கப்படாமல், காலமாகிவிட்ட பழைய சொந்தக்காரர் பெயரிலேயே நிற்பது தெரிந்தது. அவருடைய வாரிசுகள் அத்தனை பேரும் சேர்ந்து அந்த நிலத்தை மாநகராட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் அது பொதுத் தெருவாகும். மனை வாங்குகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதெல்லாம் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவதற்கு முன்பே சாலை நிலத்தை உள்ளாட்சிக்கு எழுதி வாங்கிவிடுகிறார்கள். 2016 அக்டோபர் 20 வரை விற்ற அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு கொண்டுவந்த விதிகளிலும் சாலையை ஒப்படைப்பது ஒரு பகுதி. எங்களைப் போன்ற பழைய சந்துகளுக்கு அப்படி எழுதி வாங்க அன்று ஒருவரும் இல்லை.

அளவையர் வந்து சங்கிலி பிடித்தபோது அடுத்த சிக்கல் வெளிப்பட்டது. சந்தின் வாயிலில் 15 அடி 4 அங்குலம் இருந்த வழி, நடுவில் 34/6 வீட்டுக்கு முன்னால் 12 அடியாகச் சுருங்கியது. காரணம் வாசற்படிகளும், இரண்டு துவைக்கும் கற்களும், ஒரு குளியலறைச் சுவரின் முனையும். சுவர் முனையை இடிப்பதில் அதிகப் பேச்சு எழவில்லை. 34/6 ஆயாவின் வாசற்படிதான் கடினமாக இருந்தது. அது ஒரே கடப்பாக்கல். ஓரங்கள் தேய்ந்து வழவழத்து, நடுவில் ஆள் உட்கார்ந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். ஆயா நாற்பது ஆண்டுகளாக மாலையில் அதில்தான் உட்கார்ந்து மீன் ஆய்வார். "கல்லை உடைக்காதீங்க, அப்படியே பேத்து எடுத்துக் குடுங்க, ரோடு உங்களுக்கு" என்றார். கொத்தனார் அரை நாள் செலவழித்துச் சுற்றிலும் சிமென்ட்டைச் செதுக்கி, நான்கு பேர் பிடிக்கக் கல்லை முழுதாகத் தூக்கி ஆயா வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டார். இந்தக் காரியத்தில் நாங்கள் செலவழித்ததிலேயே எனக்கு மனநிறைவு தந்த கூலி அந்த அரை நாள் கூலிதான்.

வாரிசுகள் ஐந்து பேர். நான்கு பேர் தமிழ்நாட்டிலேயே வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள், ஒருவர் மஸ்கட்டில். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, தம் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திடுவதற்கான அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அது தெரியாமல், மற்ற நால்வரின் கையெழுத்தும் வரட்டும் என்று பத்திரத்தைப் பீரோவில் வைத்துக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டோம். மீண்டும் முதலிலிருந்து எழுதி வாங்க நேர்ந்தது. தவறு எங்களுடையது, அதற்குள் கொரோனா ஊரடங்கும் வந்துவிட்டதால் அதற்கு ஓராண்டுக்கு மேல் விலை கொடுத்தோம்.

கையெழுத்துப் போட வந்த வாரிசுகளில் மூத்தவர், தம் தாத்தாவின் பெயரையே தெருவுக்கு வைக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலம் அவர்களுடையது, அதை விலையின்றிக் கொடுக்கிறார்கள். ஆனால் தாத்தாவைச் சாதிப் பட்டத்தோடு சேர்த்துத்தான் ஊரில் அழைத்தார்கள். பட்டத்தோடேயே பலகையில் வர வேண்டும் என்பது அவர் விருப்பம். தெருப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்று 1978-லேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. 2025 அக்டோபரிலும் தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்குவதற்கு ஓர் அரசாணை வந்தது. பெயரை நிபந்தனையாகப் பத்திரத்தில் எழுதுவதற்கும் வழியில்லை; நிபந்தனை எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுத்தால்தான் ஏற்க முடியும் என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைக்கலாம் என்று அவர் இறங்கி வந்தார். அதிலும் ஒரு தடை. அந்தப் பெயர் வடசென்னையில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். எங்கள் பின்கோடு எல்லைக்குள்ளேயே அதே பெயரில் இரண்டு தெருக்கள் ஏற்கெனவே இருந்தன. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் முதலான நகராட்சிகள் தத்தம் காந்தி தெருக்களோடும் பாரதியார் தெருக்களோடும்தான் வந்து சேர்ந்தன. அதனால் ஒரே பெயர் பல இடங்களில் நிற்கிறது. மூன்றாவதாக அதே பெயரை வைத்து, 'மூன்றாவது தெரு' என்று ஒட்டுச் சேர்த்தால், ஆம்புலன்ஸ் இன்னொரு முறை வேறிடத்தில் போய் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் மனு எதற்காகத் தொடங்கியது என்பதை அவரிடம் விரிவாகச் சொன்னேன்.

அன்று மாலை பேச்சு வடசென்னைத் தெருப் பெயர்களின் பக்கம் போனது. நாணயம் அடித்த இடத்தால் தங்கசாலைத் தெரு. பவளம் விற்றவர்களால் பவளக்காரத் தெரு. ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெருவை நம் வாய் அரண்மனைக்காரன் தெரு ஆக்கிக்கொண்டது. அரண்மனை அங்கே எந்தக் காலத்திலும் இல்லை. ஸ்டீபன் பாப்ஹாம் போட்ட பிராட்வே, ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரால் பிரகாசம் சாலை ஆகிப் பல காலம் ஆகியும், பேருந்தில் இன்றைக்கும் பிராட்வேக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள். மக்கள் ஏற்கெனவே அழைக்கும் பெயரை எழுதிவைத்தால் அதை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அப்போதுதான் 34/6 ஆயா, "நாங்க வந்த புதுசுல இதைத் தோட்டக்கெணறுன்னுதானே சொல்லுவோம்" என்றார். மனைகளாகப் பிரிப்பதற்கு முன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த கிணறு சந்தின் கோடியில் இருந்தது. மூடி வெகுநாள் ஆகிறது. பால்காரரும் மூத்த ஆட்டோக்காரர்களும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் கிணற்றை வெட்டியவர் தம் தாத்தா என்று வாரிசு சொன்னார். அவர் சம்மதித்துவிட்டார்; மறுவாரமே தானப்பத்திரம் பதிவானது.

அலுவலக நடையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதுவரை தனி அதிகாரியே மன்றத்தின் இடத்தில் இருந்தார். எங்கள் கோப்பு முழுமையடைந்தபோது வார்டுக்கு உறுப்பினர் வந்திருந்தார். அவருடைய பரிந்துரை, பொறியாளரின் தள ஆய்வு, மண்டலக் குழு, அதன் பிறகு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தில் மாமன்றத் தீர்மானம் என்று கோப்பு ஏறியது. நடுவில் ஒரு முறை மனுவையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. நாங்கள் 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தோம். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிதாகப் பெயர் சூட்டுவதற்கும், இருக்கும் பெயரை மாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. மாற்றுவதென்றால் அரசின் ஒப்புதல் வரை போகும். பெயரே இல்லாமல் இருந்தது இந்த ஒரு கட்டத்தில் எங்களுக்கு வசதியாக அமைந்தது.

பலகை எழுதுவதற்கு முன் அதன் மாதிரியை ஒரு தாளில் காட்டினார்கள். 'தோட்டகினறு தெரு' என்று இருந்தது. ஒற்று இல்லை, ணகரம் இல்லை, றகரம் இரட்டிக்கவும் இல்லை. 'தோட்டக்கிணற்றுத் தெரு' என்று சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அதைத் தட்டச்சு செய்த இளைஞர், "இவ்ளோ பெருசா இருந்தா எழுத்தைச் சின்னதாக்கணும் சார்" என்று தயங்கினார். எழுத்து அளவைக் குறைக்கவும், ஒற்றெழுத்துகளை மட்டும் விட்டுவிடாமல் இருக்கவும் கேட்டுக்கொண்டேன். அவரும் அப்படியே செய்தார். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதில் அதைவிட அதிக நேரம் ஆனது. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் மாற்றி அரசாணை வெளியிட்டு, எழுத்துக்கூட்டலில் எழுந்த குழப்பத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். அந்த நினைவில், வங்கிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவிடக் கூடாது என்று, பலகையில் வந்த எழுத்துக்கூட்டலையே 14 வீட்டுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

பலகை நட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. முதலில் சொத்து வரிப் பதிவில் தெருப் பெயரையும் புதிய கதவு எண்ணையும் மாற்றச் சொல்லுங்கள். அந்த ரசீதைக் காட்டித்தான் ஆதார் உள்பட மற்றவற்றை மாற்ற முடிந்தது. தபால் நிலையத்துக்குத் தீர்மானத்தின் நகலோடு ஒரு கடிதம் கொடுத்தோம். தபால்காரர் பழைய எண்ணையும் பக்கத்தில் சில காலம் எழுதிவரச் சொன்னார், அது நல்ல யோசனை. குடிநீர் வாரியக் கணக்கு மாறிவிட்டது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். மின் கட்டண ரசீது மட்டும் எங்கள் வீட்டுக்கு இன்னும் 34/9 என்றே வருகிறது. அதற்கான மனுவை வருகிற திங்கட்கிழமை கொண்டுபோகிறேன்.