திவவு நழுவாமல் நின்றது: கல்லடி யாழ்க் கண்காட்சி, இதுவரை

நாங்கள் கட்டும் வில் யாழின் ஏழு நரம்பும் ஓர் இரவு முழுக்கச் சுருதி இறங்காமல் நின்றுவிட்டன. நரம்பைத் தண்டில் பிடித்திருக்கும் திவவு என்ற கயிற்றுக் கட்டு நழுவவில்லை. அதுவும் விடிய விடிய மழை பெய்த இரவு. காலையில் ரியூனரை வைத்துப் பார்த்தால் இளி (பஞ்சமம்) நரம்பு மட்டும் மயிரிழை அளவு இறங்கியிருந்தது. மற்ற ஆறும் வைத்த இடத்திலேயே இருந்தன. வில் யாழ் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லத் தேவையில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: மட்டக்களப்பில், கல்லடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. அதில் யாழைப் பற்றி மட்டும் ஒரு கண்காட்சி செய்கிறோம். அதற்குக் கட்டும் யாழுக்கு மொத்தம் 14 நரம்பு, இப்போதைக்கு ஏழுதான் கட்டியிருக்கிறோம். மட்டக்களப்பில் யாழ் என்றதும் எல்லோருக்கும் சுவாமி விபுலாநந்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். 1892இல் காரைதீவில் பிறந்தவர், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் தன் ஆராய்ச்சி நூலான யாழ் நூலை அரங்கேற்றிவிட்டு அடுத்த மாதமே காலமானவர், கல்லடி உப்போடையில் சமாதி கொண்டவர் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பாடம். ஆனால் யாழின் சத்தம் எப்படி இருக்கும், அதை எப்படிச் சுருதி கூட்டுவார்கள் என்று கேட்டால் பெரியவர்களும் சுவரில் மாட்டிய படத்தைத்தான் காட்டுவார்கள். அதனால் எங்கள் அறையில் கண்ணாடிப் பெட்டி கிடையாது. வருகிறவர் யாழைத் தொட வேண்டும், மீட்ட வேண்டும், சுருதியை ஏற்றி இறக்க வேண்டும். இதை நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அதில் மாற்றம் இல்லை.

வாசலில் வைக்கும் பகுதி முடிந்துவிட்டது. பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் உவமை வருகிறது அல்லவா, அதை அப்படியே கைக்கு எட்டும் பொருளாக்கி இருட்டுப் பெட்டிகளுக்குள் வைத்திருக்கிறோம். பத்தருக்கு (ஒலிக்குடம்) மான் குளம்பின் தடம், வறுவாய்க்கு (யாழின் வாய்) எட்டாம் நாள் பிறை, ஆணிக்கு வளையில் வாழும் நண்டின் கண், கோட்டுக்கு (வளைந்த தண்டு) தலை தூக்கிய பாம்பு, திவவுக்குக் கருநிறப் பெண்ணின் முன்கை வளையல். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போய், அதே உறுப்பை யாழில் தேட வேண்டும். ஒத்திகைக்கு வந்த அயல் வீட்டுப் பிள்ளைகள் நண்டுக் கண்ணை நொடியில் பிடித்துவிட்டார்கள். வாவிக் கரைப் பிள்ளைகளுக்கு நண்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பார்வை இல்லாதவர்கள் வந்தாலும் இந்தப் பகுதியில் எதையும் தவறவிட மாட்டார்கள். எனக்கு அதில் தனிச் சந்தோசம்.

கோடு கிடைத்ததும் நல்ல கதைதான். பலகையை ஆவியில் வைத்து வளைக்கலாமா என்று தோணி கட்டும் ஓடாவியார் ஒருவரிடம் கேட்டேன். "நேரா வளந்த மரத்த வளைச்சா அது திரும்ப நிமிரத்தான் பாக்கும் தம்பி. வளைஞ்சு வளந்த கொப்பத் தேடு" என்றார். அவர்தான் பூவரசில் ஒரு கொப்பைக் காட்டித் தந்தார். வெட்டி, நிழலில் காய வைத்து, பட்டை சீவினேன். அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தனின் நாணயத்திலும் இருக்கிற அந்த வளைவு மரத்திலேயே இருந்தது. பத்தர் பலா மரம். மேலே ஆட்டுத்தோல். கூத்து மத்தளங்களுக்குத் தோல் போடுகிறவர் ஒருவர் போர்த்துக் கொடுத்தார். அவர் தோலை இழுத்துக் கட்டும் வேகத்தைப் பார்க்கவே ஒரு தரம் போகலாம்.

சரி, திவவு.

கிற்றாரில் வருகிற முறுக்காணிகளைப் பூட்டிவிட்டால் ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும். கூட வேலை செய்யும் நண்பன் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் சொன்னான். "மச்சான், பாக்க வாற சனத்துக்குச் சத்தம் வந்தாக் காணும், கயிறு எதுக்கு?" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வில் யாழில் பார்க்க வேண்டிய சூட்சுமமே அந்தக் கயிறுதான். கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கட்டு. நரம்பின் மேல்முனை அதற்குள் செருகியிருக்கும். கட்டை மேலே நகர்த்தினால் சுருதி ஏறும், கீழே விட்டால் இறங்கும். சுருதி கூட்ட ஆணி இல்லை, திருகு இல்லை. உராய்வு ஒன்றை மட்டும் நம்பி ஒரு வாத்தியம் நிற்கிறது. முறுக்காணி போட்டால் வருகிறவர் கையில் கிற்றார்தான் இருக்கும்.

மூன்று தொல்லைகள் இருந்தன. முதலாவது, நழுவல். நரம்புக்கு நான் தங்கூசியைத்தான் (மீன்பிடிக்கும் நைலோன் இழை) பாவிக்கிறேன். கீழ் நரம்புகளுக்கு 0.8 மில்லிமீற்றர், மேல் நரம்புகளுக்கு 0.6. நீளம் 70 சென்ரிமீற்றரிலிருந்து 25 வரை குறைந்துகொண்டு போகிறது. கணக்குப் போட்டால் நரம்பொன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ இழுவை. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வழுவழுப்பான கோட்டில் ஒரு கயிற்று வளையம் அதைத் தாங்க வேண்டும். வலை பின்னும் நைலோன் நூலால் கட்டினேன், கண் முன்னே வழுக்கிக்கொண்டு இறங்கியது. தும்புக் கயிறு நன்றாகக் கடித்துப் பிடித்தது, ஆனால் நாலு தரம் நகர்த்தினால் தும்பு உதிர்ந்து நொய்ந்துவிடுகிறது.

இரண்டாவது, கோடே வளைகிறது. ஏழாவது நரம்பை இறுக்கினால் கோடு கொஞ்சம் குனியும், முதலாவது நரம்பு தளரும். முதலாவதை ஏற்றினால் மற்ற எல்லாம் இறங்கும். 14 நரம்பு கட்டினால் மொத்த இழுவை 28 கிலோவுக்குக் கிட்ட வரும் என்பதை நினைத்தால் இது எங்கே போய் முடியும் என்று விளங்கும்.

மூன்றாவது, எங்கள் ஊர்க் காற்று. நைலோன் ஈரத்தை உறிஞ்சினால் இளகி நீளும். பருத்திக் கயிறு ஈரமானால் பருத்து, நீளத்தில் சுருங்கும். தோல் தொய்யும். மழைக்கால வாடையில் மூன்றும் மூன்று திசைக்குப் போகும், கச்சான் காற்று அடிக்கும் வறண்ட காலத்தில் எல்லாம் தலைகீழாகும்.

வழி காட்டியது மியன்மாரின் சவுங். இன்றைக்கும் கச்சேரியில் வாசிக்கப்படுகிற வில் யாழ் அது, 16 நரம்பு. கோட்டில் வரிசையாகச் சிவப்புப் பருத்திக் கயிறுகள் சுற்றி, முனைகள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். பழைய சவுங்குகளில் அந்தக் கயிற்றை நகர்த்தித்தான் சுருதி கூட்டினார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று பிடிபட்டது. நரம்பின் முனை கயிற்றின் மேலே முடியப்படவில்லை. சுற்றுகளுக்கு அடியில் போய்த்தான் வருகிறது. அதாவது நரம்பு இழுக்க இழுக்க மேல் சுற்று கீழ்ச் சுற்றை அமுக்கும். இழுவையே பிடியாக மாறிவிடும்.

இப்போது நான் செய்கிற முறை இது. மூன்று புரி பருத்திக் கயிறை நனைத்து, ஒரு முனையில் கல் கட்டித் தொங்கவிட்டுக் காய வைக்கிறேன். சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கிவிடும். கோட்டில் வார்னிஷ் அறவே கிடையாது. உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, முரட்டு மண்தாளால் குறுக்கே தேய்க்கிறேன். நெடுக்கே தேய்த்தால் வழுக்கும். பிறகு குங்கிலியத்தைப் பொடித்து, கயிற்றின் உட்பக்கத்தில் நன்றாகத் தேய்த்துவிடுகிறேன். ஐந்து சுற்று. நரம்பு இரண்டாம் சுற்றுக்கும் நாலாம் சுற்றுக்கும் அடியில் போய்த் தன்மேல் மடிந்து வரும். நகர்த்தும்போது இரண்டு கையாலும் கட்டைப் பிடித்து, கொஞ்சம் முறுக்கிக்கொண்டே மேலே தள்ள வேண்டும். கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும், கையை எடுத்ததும் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு கைக்குத் தெரிகிறது. வருகிறவர் ஒவ்வொருவரும் அதை அனுபவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

கோடு வளையும் தொல்லைக்கு ஒழுங்கு ஒன்றுதான் மருந்து. சுருதி கூட்டும்போது மேல் நுனியில் ஒரு நரம்பு, கீழ் நுனியில் ஒரு நரம்பு என்று மாறி மாறி உள்ளே வர வேண்டும். முதல் சுற்றில் எல்லாவற்றையும் வேண்டிய சுருதிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி அப்படியே விட்டுவிட வேண்டும். கோடு குனிய வேண்டியதைக் குனிந்து முடித்த பிறகுதான் சரியான சுருதி. தங்கூசியையும் கட்டுவதற்கு முன் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் நாளெல்லாம் நீண்டுகொண்டே இருக்கும். வாங்கும்போது பழைய றீல் வாங்காதீர்கள். வெயிலில் கிடந்தது மணிக்கூட்டு முள் போல நிமிர்ந்து நிற்கும், வளைத்தால் படக்கென்று உடையும். சந்தைப் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் சுருளை அவிழ்த்துப் பார்க்க விடுவார்கள், கேளுங்கள்.

எதற்கு 14 நரம்பு என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாலைத் திரிபுக்காக, அதாவது தொடங்கும் நரம்பை மட்டும் மாற்றி வேறு வேறு பாலை (இராகம்) எடுப்பதற்காக. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ச ரி க ம ப த நி என்ற ஏழு சுரங்களின் பழைய பெயர்கள். குரலிலிருந்து தொடங்கினால் செம்பாலை, இன்றைய அரிகாம்போதி. அதே நரம்புகளைத் தொடாமல் துத்தத்தைக் குரலாக எடுத்தால் படுமலைப்பாலை, நடபைரவி. உழையில் தொடங்கினால் அரும்பாலை, சங்கராபரணம். இளியில் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியில் விளரிப்பாலை, தோடி. தாரத்தில் மேற்செம்பாலை, கல்யாணி. கைக்கிளையில் தொடங்கும் செவ்வழிப்பாலைக்கு மட்டும் இன்றைய மேளகர்த்தா இராகங்களில் இடமில்லை. பஞ்சமம் இல்லாமல் இரண்டு மத்திமத்தோடு நிற்கும். ஏழாவது நரம்பில் தொடங்கினாலும் மேல் குரல் வரை முழுமையாகப் போக வேண்டும் என்றால் 14 நரம்பு வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சகோட யாழ் என்ற பழைய யாழ் வகைக்கு 14 என்ற கணக்கு எனக்கு விரலில் விளங்கியது இப்படித்தான்.

இதைக் காட்டப் பலகையில் ஒரு வட்டப்பாலைச் சக்கரம் செய்திருக்கிறேன். வெளி வட்டத்தில் 12 இராசி. துலாத்தில் குரல், தனுசில் துத்தம், கும்பத்தில் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம். பழைய சூத்திரம் சொல்கிற இடங்கள் இவை. இராசிக்கு ஓர் அரைச்சுரம் என்று எண்ணிப் பார்த்தால் அரிகாம்போதி பிசகாமல் வரும். உள் வட்டத்தில் குரல் முதல் தாரம் வரை பெயர்கள், அது சுற்றும். சாதகக் குறிப்புப் பார்த்துப் பழகிய சனம் என்பதால் இராசிக் கட்டத்தைக் கண்டதும் தாங்களாகவே கிட்ட வருகிறார்கள். உள் வட்டத்தின் குரலை எந்த நரம்புக்கு நேரே கொண்டு போகிறார்களோ, யாழில் அந்த நரம்பிலிருந்து எட்டு நரம்புகளின் அடியில் சின்ன லைற் ஒவ்வொன்றாக எரியும். வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து விரலை வைத்தால் அந்தப் பாலை வாசிக்கப்பட்டுவிடும். சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. சக்கரம் மோட்டர் சைக்கிள் பெயாரிங்கில் சுழல்கிறது, அடியில் ஒரு ரோட்டரி சுவிட்ச், பிறகு லைற்றுகளை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. இப்போதைக்கு ஏழு லைற்தான் பூட்டியிருக்கிறேன்.

கேட்பவர் உட்காரும் பலகை மேடைக்கு அடியில் எக்சைற்றர் (பலகையையே அதிரவைத்துச் சத்தம் எழுப்பும் கருவி) வைத்து, பத்தருக்குள் ஒட்டிய தொடுமைக்கிலிருந்து சத்தத்தைக் கொடுக்கிறோம். கீழ் நரம்பை மீட்டினால் முதுகெலும்பில் தெரியும். சத்தத்தைக் கூட்டினால் மேடையின் அதிர்வு திரும்ப யாழுக்குள் போய் ஊளையிடுகிறது. யாழின் தாங்கிக்கு அடியில் ரயர் ரியூப்பை மடித்து வைத்ததில் முக்கால்வாசி அடங்கியது. எக்சைற்றர் அனுப்பிய கடைக்காரர் 4 ஓம் கேட்டதற்கு 8 ஓம் அனுப்பி, மாற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார். அதனால் மேடையின் ஒரு பக்கம் இன்னும் ஊமையாகவே கிடக்கிறது. வாங்குகிறவர்கள் பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள்.

அடுத்ததாக மனதில் இருப்பது துடுப்பு. கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள் பாடுமீனின் சத்தத்தைக் கேட்க, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அதையே யாழுக்குச் செய்தால் என்ன? துடுப்பின் அகன்ற பக்கத்தில் எக்சைற்றரைப் பூட்டி, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தினால், அறையில் வேறு யாருக்கும் கேட்காத யாழ் அவருக்கு மட்டும் கேட்கும். ஒரு துண்டுப் பலகையில் பரீட்சித்துப் பார்த்தேன், தெளிவாகவே கேட்டது. பழைய தோணித் துடுப்பு ஒன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். யாழ் நூலின் இயல்களை ஒட்டி யாழுறுப்பியலுக்கு வாசல் பெட்டிகள், பாலைத்திரிபியலுக்குச் சக்கரம் என்று போகிற வரிசையில் துடுப்புக்கு எந்த இடம் என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை. கடைசியில் வைத்தால் வெளியே போகிறவர்கள் அங்கே தேங்கி நிற்பார்கள் என்று நண்பன் சொல்கிறான். நிற்கட்டுமே என்கிறேன் நான்.

மிச்ச ஏழு நரம்புக்கும் கயிறு இப்போது கல் கட்டித் தொங்குகிறது. கட்டி முடித்ததும் ஒரு நரம்புத் தொகுதியைப் பட்டு நூலில் செய்து தங்கூசியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. சவுங்குக்கு முன்பெல்லாம் பட்டு நரம்புதான் கட்டினார்கள். முறுக்கிய பட்டு நூலை ஒரு மில்லிமீற்றருக்கு உட்பட்ட தடிப்பில் எங்கே வாங்கலாம், அல்லது இங்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அப்படி முறுக்கித் தரக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.