வீடு விளாதிமிர் பக்கம், ஆபீஸ் சூஸ்தால் பக்கம்

ரஷ்யாவில் எங்கள் வீடு பொகல்யூபோவோ என்ற கிராமத்தில். மாமியார் வீடுதான், கல்யாணத்துக்கு அப்புறம் அங்கேயே தங்கிவிட்டோம். விளாதிமிர் நகரம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். வேலை, சந்தை, பல் டாக்டர் எல்லாம் அங்கேதான். ஆனால் நிர்வாகக் கணக்கில் அந்த நகரத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நாங்கள் சூஸ்தால் ராயோனைச் சேர்ந்தவர்கள். ராயோன் என்றால் நம்மூர் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமையிடமான சூஸ்தாலுக்குப் போக, முதலில் விளாதிமிர் பஸ் நிலையம், அங்கிருந்து வேறு பஸ், வடக்கே இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். சூஸ்தாலுக்கு ரயிலும் கிடையாது. தலைமையிடத்துக்கு இல்லாத ரயில் நிலையம் எங்கள் கிராமத்துக்கு இருக்கிறது!

ராயோனுக்கு மேலே விளாதிமிர் ஓப்லஸ்த், அதாவது நம்மூர் மாநிலம் மாதிரி ஒரு பிராந்தியம். கீழே எங்கள் கிராம நிர்வாகம். இந்த அடுக்கெல்லாம் எனக்குப் புரிந்தது பனிக்காலத்தில்தான். ஊர் நடுவே போகும் எம்-7 மத்திய அரசின் நெடுஞ்சாலை. பொழுது விடிவதற்குள் வண்டி வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போய்விடும். எங்கள் சந்து கிராம நிர்வாகத்தின் பொறுப்பு. அங்கே டிராக்டர் வரும்போது வரும். அதுவரை மாமியாரும் நானும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நிற்போம். புகார் சொல்வதற்கு முன்னால் ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போன் ஒவ்வொரு மேசையாகச் சுற்றும்.

சூஸ்தாலை ஏன் தலைமையிடமாக வைத்தார்கள் என்று முதலில் எரிச்சல்தான். பஸ் வடக்கே திரும்பியதும் காரணம் கொஞ்சம் தெரியும். கிளியாஸ்மா ஆற்றுக்குத் தெற்கே மெஷ்ச்சோரா: மணல், சதுப்பு, பைன் காடு. வடக்கே ஓபோல்யே: காடே இல்லாமல், கறுத்த மண்ணில் கண்ணுக்கெட்டிய வரை வயல். தானியம் விளைந்த இடத்தில் இளவரசர்கள் கோட்டை கட்டினார்கள். சூஸ்தாலின் பெயர் 1024-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே வந்துவிடுகிறது.

எங்கள் ஊரும் லேசுப்பட்டதல்ல. கீவை விட்டு விளாதிமிரைத் தலைநகராக்கிக்கொண்ட ஆந்திரேய் இளவரசர் அரண்மனை கட்டியது இங்கேதான். 1174-இல் அவரைக் கொன்றதும் இங்கேதான். அரண்மனையின் படிக்கட்டுக் கோபுரம் இன்றும் எங்கள் ஊர் மடத்துக்குள் நிற்கிறது. ஸ்டேஷனிலிருந்து புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நேர்ல் ஆற்றங்கரையில் வெள்ளைக் கல் தேவாலயம், 1165-இல் கட்டியதாகச் சொல்வார்கள். ஏப்ரலில் பனி உருகி வெள்ளம் வந்தால் பாதை மூழ்கிவிடும். தேவாலயம் மட்டும் தீவாக நிற்கும், போக வேண்டுமானால் படகுதான். கட்டியவர்கள் முதலிலேயே செயற்கை மேடு எழுப்பி, அதன் மேல் கட்டியிருக்கிறார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தில் பாதி எங்கள் சந்தின் வடிகாலுக்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லைகளும் நிரந்தரமில்லை. சூஸ்தால் ராயோன் 1929-இல் உருவானபோது விளாதிமிர் ஓப்லஸ்த் என்று ஒன்றே கிடையாது. எல்லாம் பக்கத்துப் பிராந்தியமான இவானோவோவின் கீழ். விளாதிமிர் தனியாகப் பிரிந்தது 1944 ஆகஸ்டில். எதிர்வீட்டுப் பாட்டி அதற்கு முன்பே பிறந்தவர். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இவானோவோ ஓப்லஸ்த் என்றிருக்கிறது. அவரோ இந்தத் தெருவை விட்டு நகர்ந்ததே இல்லை. 2025 மார்ச்சில் கையெழுத்தான உள்ளாட்சிச் சட்டம் கிராம அடுக்கையும் ராயோனோடு சேர்த்து ஒன்றாக்கப் பார்க்கிறது. வேண்டுமென்கிற பிராந்தியங்கள் பழைய முறையை வைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் விருப்பமில்லை. டிராக்டர் கேட்க நடந்து போகிற தூரத்தில் ஒரு மேசையாவது இருக்க வேண்டும்.

குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவர் வருஷத்துக்கு ஒருமுறை உள்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தபாலிலும் அனுப்பலாம், நான் சூஸ்தால் ஆபீசுக்கு நேரில்தான் போகிறேன். என் முறை ஜூலையில் வருகிறது, சூஸ்தாலில் வெள்ளரித் திருவிழாவும் அப்போதுதான். இந்தத் தடவை மாமியாரும் கிளம்புகிறார், தன் தோட்டத்து வெள்ளரியை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு.