சுண்டுவும் ஆறு வீட்டு லயமும்

செப்டம்பர் 8, 2024, ஞாயிறு

குட்டி வந்துவிட்டது. இலங்கை மலையகத்துக் கொட்டகலை டவுனில் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்குப் பின்னால் பிறந்த ஐந்தில் ஒன்று. கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. ஏழு வாரம் ஆகிறதாம். இன்னும் ஒரு வாரம் தாயோடு விட்டிருக்கலாம். ஆனால் கடைக்கார அக்கா மற்ற நான்கையும் கொடுத்து முடித்துவிட்டார், இதுவும் போய்விடும் என்று மகள் அழுதாள்.

வந்த முதல் அரை மணி நேரத்திலேயே அரிசி அளக்கும் சுண்டுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்த பிறகு பெயர் வைக்க யாரும் யோசிக்கவில்லை. சுண்டு.

அம்மாவுக்கு ஒரே கோபம். "நாய இஸ்தோப்புல கட்டு. காம்பராவுக்குள்ள நாய் படுத்தா அது வூடா?" அம்மா சொல்வது நியாயம்தான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஆறு வீடு, நாய்கள் எப்போதும் முன் திண்ணையான இஸ்தோப்பில்தான் படுக்கும், யார் வீட்டு நாய் என்று கணக்கும் கிடையாது. ஆனால் போன மாதம் மேல் லயத்து நாயைப் புலி தூக்கிக்கொண்டு போனது. சிறுத்தைதான், இங்கே எல்லோருக்கும் அது புலி. சங்கிலியோடு கட்டியிருந்த நாய். சத்தம்கூடக் கேட்கவில்லையாம். அதனால் இருட்டினால் சுண்டு உள்ளேதான் என்று சொல்லிவிட்டேன். உள்ளே என்றால் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் பழக்கியாக வேண்டும். லயத்தில் இதுவரை யாரும் செய்யாத வேலை.

செப்டம்பர் 10, செவ்வாய்

இரண்டு இரவு தூக்கம் இல்லை. பதுளைக்குப் போகும் இரவு மெயில் சிங்கமலைச் சுரங்கத்துப் பக்கம் ஹோர்ன் அடிக்கிறது, உடனே இது ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவரைத் தட்டுகிறார்.

அம்மா தேயிலை பறிக்கும்போது இடுப்பில் கட்டிய பழைய படங்கை மடித்து ஒரு பெட்டியில் போட்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையைத் தொங்கவிட்டால் அதன் மூக்கு படும் தூரம். நேற்று அப்படி மூன்று மணி நேரம் தூங்கியது.

செப்டம்பர் 14, சனி

ஹட்டனில் மிருக வைத்தியரிடம் போனோம். பஸ்ஸில் ஏற்றவில்லை. பெட்டிக்குள் இருக்கிறது, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியும் கண்டக்டர் கேட்கவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் ஒரு வாரம் ஈரல் வாங்கியிருக்கலாம்.

பூச்சி மருந்து, முதல் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. அதுவரை தெரு நாய்கள் படுக்கும் இடத்தில் இறக்கிவிடக் கூடாது, பார்வோ நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்றார். அதே மூச்சில், வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள், பதினாலு வாரத்துக்குள் பார்க்காததை எல்லாம் பெரிதானபின் கண்டு பயப்படும் என்றார். இறக்கவும் கூடாது, பூட்டவும் கூடாது, அப்புறம் என்னதான் செய்வது?

வழி கண்டுபிடித்தது மகள். பாட்டியின் தேயிலைக் கொழுந்துக் கூடை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கூடையைக் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முப்பத்தெட்டு வருசம் அதில் கொழுந்து சுமந்தவர். "மடுவத்துல நிறுத்துப் போட்ட கூடையில நாயா?" என்றார். பிறகு தானே போய்ச் சுவரிலிருந்து கழற்றி, கயிற்றை இழுத்துப் பார்த்து, என் தலையில் எப்படிப் போடுவது என்று காட்டினார். எனக்குப் போடத் தெரியாது என்பது அவருக்கு இன்னும் ஒரு குறை.

முதுகில் கூடை, கூடைக்குள் சுண்டு, அடியில் சாக்கு. கொழுந்து நிறுக்கும் மடுவம், கோயில், தேயிலை ஆலையான இஸ்டோருக்குக் கொழுந்து ஏற்றும் லொறி, மழைக்கோட்டு போட்ட ஆட்கள், குடை, சைக்கிள் என்று எல்லாம் காட்டினேன். ரயில் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, ரயில் வரும்போது அவித்த ஈரல் துண்டு ஒன்று. ரயில் போனதும் நிறுத்திவிடுவேன். மலையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். "டீச்சர், எத்தன கிலோ?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டே முக்கால்.

செப்டம்பர் 21, சனி

ஜனாதிபதித் தேர்தல். எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு என்று போட்டார்கள். சுண்டுவுக்கு அது தெரியாது. பதினொன்றே காலுக்கு எழுப்பியது. இஸ்தோப்புப் படி தாண்டி நாலு அடி. டார்ச் வெளிச்சத்தில் அது வட்டமடித்து இடம் தேடிக்கொண்டிருந்தபோது நாட்டிலேயே நாங்கள் இருவர் மட்டும்தான் வெளியே இருக்கிறோம் என்று தோன்றியது.

ஒண்ணுக்குப் பழக்கும் கணக்கு இதுதான்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடு. எப்போதும் ஒரே இடம், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கொய்யா மரத்தடி. இருந்து முடித்த அந்த நொடியே ஒரு துண்டு ஈரல். உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளும். பகலில் நான் பள்ளிக்கூடத்தில், எல்லாம் அம்மா கையில். அம்மா ஈரல் கொடுப்பதில்லை. "பேஞ்சதுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா?"

செப்டம்பர் 24, செவ்வாய்

விளையாட்டில் மகளின் கையைக் கடித்துவிட்டது. பால் பல் ஊசி மாதிரி, இரத்தம் வந்தது. பீலிக்கு இழுத்துக்கொண்டு போய் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினேன். அவள் கத்தினாள், விடவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. சுண்டுவுக்கு விசர்நாய்த் தடுப்பூசி இன்னும் போடவில்லையே. மகளுக்கு ஊசி போட்டார்கள், குட்டியைப் பதினாலு நாள் கவனித்து வரச் சொன்னார்கள். சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த நோய் வெளியே தெரிந்தபின் மருந்து கிடையாது.

இப்போது வீட்டில் புதுச் சட்டம். பல் தோலில் பட்டால் விளையாட்டு அந்த இடத்தில் முடிந்தது. எழுந்து முதுகைக் காட்டி நின்றுவிட வேண்டும். மகள் நன்றாக நிற்கிறாள். எதிர் வீட்டுத் தம்பி மட்டும் கையைக் கொடுத்துக் கடிக்கவிட்டுச் சிரிக்கிறான்.

அக்டோபர் 12, சனி

இந்த வாரம் எல்லாம் தலைகீழாகப் போனது. எழுதவே மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் இல்லாத நேரம் சுண்டு சாமி படத்துக்கு முன்னால் ரெண்டுக்கு இருந்துவிட்டது. அம்மா விளக்குமாற்றால் ஒரு அடி போட்டு, மூக்கைத் தேய்த்தும் விட்டிருக்கிறார். புதனிலிருந்து உள்ளே ஒன்றும் செய்யவில்லை. பார்த்தாயா, ஒரே அடியில் பழகிவிட்டது என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை அலுமாரியை நகர்த்தினால், பின்னால் மூன்று நாள் சேமிப்பு!

அது என்ன கற்றுக்கொண்டது என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. உள்ளே இருக்கக் கூடாது என்று கற்கவில்லை. மனிதர் பார்க்கும்போது இருக்கக் கூடாது என்று கற்றிருக்கிறது. அதனால் கொய்யா மரத்தடிக்குக் கூட்டிப்போனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது, இருக்க மாட்டேன் என்கிறது. வகுப்பில் இதே முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அடிக்குப் பயந்து கொப்பியை ஒளித்துவைக்கும் பிள்ளையின் முகம்.

அம்மாவிடம் சண்டை போடவில்லை. எங்கள் நாலு பேரையும் அவர் வளர்த்த முறை அதுதான். தரையை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தேன். கடையில் விற்கும் சில கழுவும் திரவங்களில் அமோனியா இருக்கும், நாய்க்கு அது மூத்திர வாடை மாதிரியே. இனி சனி, ஞாயிறு முழுக்க நான், முதல் நாளிலிருந்து.

அக்டோபர் 19, சனி

பெயர்க் கணக்கு: நாங்கள் சுண்டு என்கிறோம். பெரியம்மா கறுப்பா என்கிறார். நாலாவது வீட்டில் பிளாக்கி. எதிர் வீட்டுத் தம்பி டைகர். கடைசி வீட்டில் பெயரே இல்லை, தோ தோ என்று கூப்பிட்டு ரொட்டி போடுகிறார்கள். எனவே நான் கூப்பிட்டால் வராததற்குச் சுண்டுவைக் குறை சொல்ல முடியாது. ரொட்டியோடு மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலும் போடுகிறார்கள், அதுதான் பெரிய கவலை. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். கோழி எலும்பும் அப்படித்தான், வெந்தது சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கார்ட்போர்ட் அட்டை ஒன்றில் எழுதி இஸ்தோப்புத் தூணில் தொங்கவிட்டேன். பெயர் சுண்டு. சொற்கள் நாலு: வா, உக்காரு, இரு, விடு. வெங்காயம், எலும்பு, சொக்லட் கூடாது. லயத்துப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பெரியவர்கள் அட்டையில் குடையைத் தொங்கவிட்டார்கள்.

நாய்க்கு ஏன் இங்கிலீஷில் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் கேள்வி. தோட்டத்தில் பிள்ளையைத் தமிழில் கூப்பிடுகிறவரும் நாயைக் கண்டால் 'கம் ஹியர்' என்பதைக் கம்மியர் என்பார். இதன் மூலவர் எங்கள் லயத்திலேயே இருக்கிறார், கடைசிக்கு முந்தின வீட்டு மாமா. இளவயதில் துரை பங்களாவில் நாய் பார்த்தவர். இன்று சாயங்காலம் அட்டையைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஈரல் துண்டைச் சுண்டுவின் மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனார். மூக்கு மேலே போனது, பின்புறம் தானாகத் தரையில் இறங்கியது. "சிட்." ஒரே தடவை, மெதுவாக. ஈரல் வாய்க்குள்.

"நீங்க பத்து தடவ சொல்றீங்க டீச்சர். பத்தாவது தடவதான் உக்காரணும்னு அது நெனச்சுக்கும்."

ஆறு தடவையில் பிடித்துக்கொண்டது. அட்டையில் 'உக்காரு'வை வெட்டிவிட்டுச் 'சிட்' என்று எழுதினேன். தோல்விதான்.

அக்டோபர் 26, சனி

காலையில் ஹட்டனில் மூன்றாவது ஊசி. விசர்நாய்த் தடுப்பூசியையும் இன்றே போட்டாயிற்று. அட்டை கொடுத்தார்கள், வருசா வருசம் போட வேண்டும். மகள் தன் கிளினிக் அட்டையையும் அதையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

இரண்டு வாரமாகப் போனில் வெடிச் சத்தம் போட்டுப் பழக்கினேன், முதலில் மிக மெல்ல, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. பின்னேர இடியும் உதவியது. ஆனாலும் நிஜ வெடி நிஜ வெடிதான். விடியக்காலை ஐந்துக்கு முதல் சரம் வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் இழுக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் தரையில் படுத்துக்கொண்டு உள்ளே முறுக்கை நீட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு கூடாது என்று சொல்ல நினைத்து, இன்று ஒரு நாள் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

இரண்டு வாரமாக உள்ளே ஒரு துளி இல்லை.

மேல் லயத்தில் கம்பிக் கண்ணி வைக்கப் பேசுகிறார்கள். புலிக்கு இல்லையாம், காட்டுப் பன்றிக்காம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு கண்ணியில்தான் அந்தக் கருஞ்சிறுத்தை மாட்டியது, காப்பாற்றக் கொண்டுபோயும் செத்தது. கம்பிக்குப் பன்றி எது, நாய் எது என்று தெரியுமா? மாமாவோடு போய்ப் பேசினேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. வந்து சுண்டுவுக்கு 'வா'வை இன்னும் இருபது தடவை பழக்கினேன். தேயிலை மறைவில் போனாலும் ஒரு சொல்லுக்குத் திரும்ப வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

நாள்கணக்கில் விடாத மழை. உயர்தரப் பரீட்சையைக்கூட நிறுத்தி வைத்துவிட்டார்கள். கூரைத் தகரத்தில் கொட்டும் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. காலையில் படங்கை உதறும்போது அரிசி மணி மாதிரி ஒன்று விழுந்தது. பால் பல். மகள் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

மத்தியானம் சுண்டு கதவருகே போய் நின்றது. குரைக்கவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் எழுவதற்குள் அம்மா குசினியிலிருந்து வந்து, குடையை விரித்து, அதற்கு மேலே பிடித்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனார். பாதி குடை நாய்க்கு, அம்மாவின் தோள் முழுக்க நனைந்தது. சேலை முந்தானையில் எதையோ முடிந்திருந்தார். சுண்டு இருந்து முடித்ததும் அவிழ்த்து ஒரு துண்டு கொடுத்தார். ஊறவைத்து உப்பு எடுத்த நெத்தலிக் கருவாடு.

எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேட்டேன். "காலுல அட்ட கடிச்சிருக்கா பாரு" என்று சுண்டுவின் பாதத்தை என்னிடம் நீட்டினார். இரண்டு இருந்தன, விரல் இடுக்கில். உப்பு எடுக்கப் போனேன்.