பூச்சி மாத்திரை கொடுத்தும் தாடை வீக்கம் வடியாத எங்கள் செவலை

நேற்றுக் காலையில் செவலை ஏழு லிட்டர் கறந்தது. ஈரலில் ஒட்டும் தட்டைப்புழுவால் சித்திரையில் இரண்டரைக்கு இறங்கிக் கிடந்த மாடு. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மயிர் மொரமொரப்பானது, சாணி ஒரு நாள் தண்ணியாகவும் ஒரு நாள் கெட்டியாகவும் போட்டது. மருந்துக்கடையில் கேட்டு பென்பென்டசோல் மாத்திரை கொடுத்தோம், அப்புறம் ஐவர்மெக்டின் ஊசியும் போட்டோம். இரண்டும் ஈரல் தட்டைப்புழுவைக் கொல்லாது என்று அப்போது யாருமே சொல்லவில்லை. காசும் மூன்று வாரமும் போனதுதான் மிச்சம்.

தாடைக்கு அடியில் பை மாதிரி நீர் கோர்த்த அன்று அம்மா பயந்துவிட்டார்கள், "கண்ணு, இது தொண்டை அடைப்பானாட்ட இருக்குது" என்று. ஆனால் காய்ச்சல் இல்லை. அடைப்பானில் வீக்கம் சூடாக இருக்கும், தொட்டால் மாடு வலியில் துள்ளும். இது சில்லென்று இருந்தது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது, மேய்ந்துவிட்டு வரும்போது பெரிதாகவும் விடியும்போது சிறிதாகவும் தெரிந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. இந்த நாலையும் பார்த்தால் தாமதிக்காதீர்கள்.

சாணியை எடுத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வண்டியில் போனேன். டாக்டர் சீட்டு இல்லை என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சீட்டோடு போனேன், "புழு முட்டை இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த எங்கள் டாக்டர் முதலில் கேட்டது, "மாடு எங்கீங்க மேஞ்சுது?" ஐப்பசியிலிருந்து வாய்க்கால் ஓரமும் நெல் அறுத்த வயலும்தான் என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது, தட்டைப்புழு ஒட்டுவது ஈரமான இடத்தில்தான். உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், தட்டைப்புழு முட்டை கனமானது, மிதக்காது, அடியில் படியவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். இந்த முறை சீட்டில் அதையே எழுதி வாங்கிப் போனேன். மஞ்சள் முட்டைகள் இருந்தன. எங்கே மேய்ந்தது என்ற ஒரு கேள்வியை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பத்து நாள் மிஞ்சியிருக்கும். இன்னொன்று, புழு உள்ளே போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆனால்தான் சாணியில் முட்டை வரும், அதனால் முட்டை இல்லை என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

டாக்டர் கொடுத்த மருந்து ட்ரைக்ளாபெண்டசோல், உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிகிராம். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், மருந்து குறைந்தால் புழு தப்பிவிடும். நெஞ்சுச் சுற்றளவு 66 அங்குலம், தோளிலிருந்து பின்எலும்பு வரை 54. சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் சுமார் 356 கிலோ வந்தது. நான் 300 என்றுதான் நினைத்திருந்தேன்! மருந்து ஊற்றும்போது தலையை ரொம்பத் தூக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். சினை மாடாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சில புழு மருந்துகள் இளம் சினைக்கு ஆகாது. டாக்டர் சொன்ன நாள் வரை பாலை சொசைட்டிக்கு ஊற்றவில்லை. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

இந்தப் புழு நத்தை வழியாக வருவது. காங்கேயம் பக்கத்து வறண்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மேய்ந்த அப்பாரு காலத்து மாடுகளுக்கு நத்தையும் இல்லை, இந்தத் தொந்தரவும் இல்லை. இப்போது நான் வாய்க்கால் ஓரப் புல்லில் மாட்டை விடுவதில்லை, தண்ணீரும் கிணற்றுத் தொட்டியில்தான்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணனின் எருமைக்கு முந்தாநாள் தாடையில் லேசாக நீர் தெரிந்தது. படியவைத்துப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு இன்று காலையிலேயே கிளம்பிவிட்டார்.