குரூப்பில் இருக்கிறான், தொடர்பில் இல்லை

கல்லூரி முடித்து 25 வருடம் ஆன வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இல்லாமல் இருக்காது. காலை வணக்கப் படம், ஃபார்வர்டு, பிறந்தநாளன்று வரிசையாகக் கேக். இதையே தொடர்பு என்று நம்பிவிடுகிறோம். குரூப் வெறும் அறிவிப்புப் பலகை. நட்பு என்றால் தனியாகப் பேசியாக வேண்டும்.

எத்தனை பேரோடு முடியும்? ஒருவரால் ஏறக்குறைய 150 உறவுகளைத்தான் பேண முடியும், அதில் நெருங்கிய வட்டம் 15 என்பது பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பாரின் கணக்கு. அந்த 15-இல் பெரும்பங்கைக் குடும்பமே எடுத்துக்கொள்ளும். மொத்த வகுப்பையும் கட்டி இழுக்காமல் எட்டுப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு பேர் என்றால் நாலு மாதத்தில் ஒரு சுற்று.

ஒரு நோட்டுப் போடுங்கள். அன்றைய பெயர், இன்றைய பெயர், ஊர், போன் நம்பர், சொந்த மின்னஞ்சல், கடைசியாகப் பேசிய தேதி. ஆபீஸ் மின்னஞ்சல் வேண்டாம், வேலை மாறினால் அதோடு போய்விடும். அவர் வீட்டில் இன்னொருவரின் நம்பரும் அவசியம். 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். கைவிட்ட நம்பர் வேறு யாருக்காவது போகும். உடம்புக்கு முடியாமல் படுத்தால் தகவல் வருவதும் அந்த இரண்டாவது நம்பரிலிருந்துதான்.

பல வருடம் கழித்து அனுப்பும் முதல் மெசேஜில்தான் பலரும் சறுக்குகிறார்கள். “எப்படிடா இருக்கே?” என்றால் “நல்லா இருக்கேன், நீ?” என்று வரும். அதோடு சரி. “என்னை ஞாபகம் இருக்கா?” அதைவிட மோசம், பரீட்சை வைப்பது போல. மூன்று வரி போதும்: எதனால் இன்று நினைவு வந்தது, உங்களைப் பற்றி ஒரு வரி, சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. “லேப் ரெக்கார்டு ஒண்ணு கண்ணுல பட்டுது, உன் கையெழுத்து. நான் இன்னும் அதே துறைலதான் இருக்கேன். நீ இப்பவும் வரையறியா?” வேலை, சம்பளம், கல்யாணம், பிள்ளைகள் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். நடுவயதில் வேலை போனவர்களும் பிரிந்தவர்களும் குரூப்பில் மௌனமாகத்தான் இருப்பார்கள். பதில் வராவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை, அவ்வளவுதான். முதல் மூன்று உரையாடலுக்குள் உதவியோ சிபாரிசோ கேட்டால் மொத்தமும் அதற்காகத்தான் என்றாகிவிடும். இன்சூரன்ஸ் பாலிசி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நேரில் கூடுவதென்றால் “எப்போ வசதி?” என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். ஆறு மாதம் முன்பே மூன்று தேதி கொடுத்து வாக்கெடுங்கள். முன்பணம் வாங்கியபின் தலையை எண்ணுங்கள். “கண்டிப்பா வர்றேன்” கணக்கில் சேராது. செலவைக் குறைந்த வருமானக்காரரின் கைக்கு எட்டுமாறு வையுங்கள். கட்டுப்படியாகாதவர் காரணம் சொல்லமாட்டார், வரமாட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ கால். ஆறு பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் தானே துண்டித்துவிடும். பலர் அதைக் குறையாகச் சொல்கிறார்கள். “சரி, நேரமாச்சு” என்று முதலில் யார் சொல்வது என்ற சங்கடம் அதில் இல்லை.