காலண்டரில் விடுபட்ட 70 ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில், காலண்டரிலுள்ள பைபிள் வசனம் எரேமியா 29:11-ஐ, ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை’ கர்த்தர் கொடுப்பார் என்பதைப் பார்த்ததும், கடன் இந்த வருடமே தீரும் என்று மனம் முடிவு கட்டிவிடும். ஒரு வசனம் மேலே போங்கள். விடுதலைக்கு 70 ஆண்டு என்கிறது! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி 2 ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்றான்; கேட்க இனித்தது, ஆனால் பொய். கர்த்தரோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றார்.

தனி வசனமாகப் பிடித்தால் நம் ஆசைதான் அதில் தெரியும். ஆகவே 28:1 முதல் 29:14 வரை ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடம் போதும். யார், யாருக்கு, எந்த நிலையில் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். 13-ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள்: முழு இருதயத்தோடு தேடுகிறவர்கள் கண்டடைவது அவரையே.