நிலைக்கால்

2023 ஜூன் 16, வெள்ளி

பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 யூதர்களைச் சுட்டுக் கொன்றவன் மேல் 63 குற்றச்சாட்டுகள். 63-லும் குற்றவாளி. மாமியார் ஃபோனில் அதைச் சொல்லிவிட்டு, ஓய்வுநாளுக்கான ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன், இருட்டுவதற்குள் சுட்டு எடுக்கணும் என்று வைத்துவிட்டார். அழுதாரா என்று தெரியவில்லை.

ஜூன் 19

பையன் ராத்திரி படுக்கையில் கேட்டான், "அம்மா, நான் யூதனா?" ஆமாம் என்றேன். "பபி போற இடத்துல இல்லைன்னு சொல்வாங்களாமே?" யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. உண்மைதான். அவன் பபி, அதாவது பாட்டி, என் மாமியார் போகிற ஜெப ஆலயத்தில் தாய்வழிதான் கணக்கு, நான் யூத மதத்துக்கு மாறவில்லை. யூதர்களில் சீர்திருத்தக்காரர்களான ரிஃபார்ம் பிரிவினர் 1983-லேயே தந்தை வழியையும் ஏற்றுக்கொண்டார்கள், பிள்ளை யூதனாக வளர்ந்தால். அவனுக்கு 11 வயது. இத்தனையையும் எப்படி விளக்குவது. 1935-ல் யார் யூதர் என்று தீர்மானிக்க நியூரம்பர்க் சட்டம் போட்ட நாஜிகள் தாத்தா பாட்டிகளை எண்ணினார்கள், அந்தக் கணக்கில் இவனுக்கு இரண்டு. அடிக்க வருகிறவன் எந்தப் பிரிவு என்று விசாரித்துவிட்டா அடிப்பான்? தூக்கமே வரவில்லை.

ஜூன் 28

கனடா காட்டுத்தீயின் புகை. எங்கள் பகுதி, ஸ்குவிரல் ஹில் முழுக்க மங்கல். ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

ஜூலை 2, ஞாயிறு

வீடு மாறியாச்சு. யூத வீட்டு வாசலில் மாட்டும் மெசூசாவைக் கரண்டிப் பெட்டியில் போட்டது யார்? என் சுண்டு விரல் நீளம்தான், மேலே ஷின் என்ற எபிரேய எழுத்து, உள்ளே சுருட்டிய தோலில் கையால் எழுதிய வேத வசனம். வலப்பக்க நிலைக்காலில் 30 நாளுக்குள் மாட்ட வேண்டும். அவர் "இந்த வாரம்" என்றார்.

ஜூலை 6

அம்மா மதுரையிலிருந்து பேசினாள். "வாசல்ல எதுக்குடி அடையாளம்? உள்ள வச்சுக் கும்பிட்டா சாமி கேட்காதா?" ஆமாம்மா என்றேன். உடனே ஒப்புக்கொண்டேனே என்று இப்போது வரைக்கும் உறுத்துகிறது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம் இதே ஊரில் எங்கள் நிலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டவள் நான். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எனக்கும் பயம் என்று ஒன்று வந்ததே இல்லை.

ஜூலை 9

மெசூசா இன்னும் டிராயரில்.

ஜூலை 13

மரண தண்டனை விதிக்கத் தகுதி உண்டு என்று ஜூரி சொல்லிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் சண்டை. கொல்வதை நம் பெயரில் செய்ய வேண்டாம் என்றார் அவர். "உன் பெயர்ல இல்லடா, அவங்க பெயர்ல" என்றார் மாமியார். உயிரிழந்தவர்களின் ஒன்பது குடும்பங்களில் ஏழு அந்தத் தண்டனையைக் கேட்டிருக்கின்றன, மற்றவர்கள் வேண்டாம் என்கிறார்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். எனக்கு எந்தப் பக்கமும் முழுசாக வரவில்லை.

ஜூலை 18

வில்கின்ஸ் – ஷேடி முனையில் அந்த ஜெப ஆலயக் கட்டடத்தைத் தாண்டி நடந்தேன். 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, 11 பேர், 54 வயதிலிருந்து 97 வரை. அதில் அண்ணன் தம்பி இருவர். வருகிறவர்களை வாசலிலேயே நின்று வரவேற்பது அண்ணனுக்குப் பிடித்த வேலை.

சுட்டவன் எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஹையஸ், அகதிகளைக் குடியமர்த்த உதவும் யூத அமைப்பு. அங்கே கூடிய மூன்று சபைகளில் ஒன்றான டோர் ஹடாஷ் அந்த அமைப்பின் அகதிகள் ஷபாத்தில், அகதிகளுக்கென வைத்த ஓய்வுநாள் வழிபாட்டில், பங்கெடுத்தது. யூதர்கள்தான் 'படையெடுப்பாளர்களை' உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று எழுதிவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பியிருக்கிறான். முந்தைய வருஷம் ஷார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறிக்காரர்கள் தீவட்டியோடு கத்தினார்களே, யூதர்கள் எங்கள் இடத்தைப் பிடிக்க மாட்டார்கள் என்று, அதே பேச்சு. வெளியூர்க்காரர்கள் மேல் இருக்கிற வெறுப்பும் யூத வெறுப்பும் அவன் தலையில் ஒன்றுதான். அப்படிப் பார்த்தால் நானும் அதில் இருக்கிறேன், விசா வாங்கி வந்தவள்தான் என்றாலும்.

அந்தச் சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் வேதத்தில் படிக்க வேண்டிய பகுதி ஆபிரகாமுடையது. வெயிலில் கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர், மூன்று அந்நியர்களைக் கண்டதும் எழுந்து ஓடிப்போய்ச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

ஜூலை 26

இன்று ராத்திரி திஷா பாவ், எருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் நாள். மாமியார் தரையில் உட்கார்ந்து புலம்பல் கேட்டார். எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார், நான் கை கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

குடிவந்து முப்பது நாள் ஆகிவிட்டது. அவர் வர எட்டு மணி ஆகிவிடும் என்றார். நானும் பையனும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். நேராக வைக்கக் கூடாதாம், மேல்முனை உள்பக்கம் சாய வேண்டுமாம், அவன்தான் சொல்லிக்கொடுத்தான். பழைய ஓக் மரம், ஸ்க்ரூ ஏறவே இல்லை. உள்ளங்கை சிவந்துவிட்டது. பாதியில் அவர் வந்து, நின்றபடியே பிரார்த்தனை சொன்னார், பையனும் கூடவே சொன்னான். அதற்கப்புறம்தான் திருகி முடித்தோம். எதிர் வீட்டுக்காரர் நாயோடு போனார். என் முதுகு ஒரு நிமிஷம் கூசியது. திரும்பிப் பார்த்தேன், கையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 2

ஜூரியில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு. மரண தண்டனை.

மாமியார் ஃபோனை எடுக்கவில்லை. ரசமும் சோறும் கட்டி எடுத்துக்கொண்டு போகிறேன், பையனும் வருகிறான்.